அவருடைய காதில் ஆறு வருடம்

அந்தத் தெருவில் ஜிப்பு அக்காவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவருக்கு இதுவரை ஒரு ஜிப்பும் மக்கர் பண்ணியதில்லை என்று அர்த்தம். பேன்ட் ஜிப், பை ஜிப், மழைக்கோட்டு ஜிப், எல்லாம் அவளிடம்தான் வரும். ஒரு தடவை ஒரு கூடாரத்தையே சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கடைக்கு முறையாகப் பெயர்ப்பலகை உண்டு. அதை எழுதியவரைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பின்னறையில் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரருக்கு எழுபது வயது. அவரும் இந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரியை வெட்கமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா புதிதாக எதையும் தைக்க மாட்டாள். அளவெடுத்து வெட்டுவது வேறு ஆட்கள் வேலை. இவள் செய்வது ஆல்டரேஷன் மட்டும். இடுப்பைப் பிடிப்பாள், நீளத்தைக் குறைப்பாள், தம்பிக்கு அண்ணன் சட்டையைச் சுருக்குவாள், அம்மாவின் கோட்டை மகளுக்கு இறக்குவாள். ஒருத்தருக்கென்று செய்த எதையும் இன்னொருத்தருக்குப் பொருந்த வைத்துவிடலாம் என்பது அவள் கொள்கை. நாற்பது வருடத்தில் அந்தக் கொள்கை அவளை ஒரே ஒரு விஷயத்தில்தான் கைவிட்டது. அந்த ஒன்றில் ஆறு வருடம் போய்விட்டது.

அவள் புருஷன் அச்சகத்தில் மெஷின்மேன். முப்பது வருடம் அந்தப் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது என்னத்துக்கு ஆகும்? கடைசி இரண்டு வருடம் காது மெஷின் போட்டிருந்தார். ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். கழற்றிவிட்டால் தன் குரல் தனக்கே கேட்காது. அதனால் மனுஷன் பேச ஆரம்பித்தாலே தெருவுக்குக் கேட்கும். துண்டை எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அவள் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் கதவைத் திறந்து தலையை நீட்டி, "ஏம்மா, துண்டு" என்று ஒரு சத்தம். அக்கா சில நாள் உடனே எழுந்து போவாள். கையில் தையல் இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் போவாள், ஈரத்தோடு நிற்கட்டும் என்று.

அன்றைக்கு அவளுக்குக் கடை லீவு. முன்னறையில் இருக்கும் வீட்டுத் தையல் மெஷினில் ஒரு பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். முடித்து நூலை அறுத்துவிட்டு மணியைப் பார்த்தால் மூன்றே முக்கால். என்ன இன்னும் குளியல் என்று போய்க் கதவைத் தள்ளினாள். அவர் தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு, உயிர் போய்விட்டது என்றார்கள். கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அந்த டாக்டர் ஒரு வார்த்தை விட்டார். அவருக்கு அது ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் மாடி வீட்டு டீச்சரும் ஒருத்தி. இவர்கள் குளியலறை ஜன்னலுக்கு நேர் மேலே அவள் சமையலறை ஜன்னல். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் இரண்டு தடவை கூப்பிட்டது தனக்குக் கேட்டது என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அத்தனை பேருக்கு முன்னால் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவர் கூப்பிடவே இல்லை, பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்காதது மாடியில் இருந்த உங்களுக்குக் கேட்டுவிட்டதா, சாவு வீட்டில் வந்து கதை கட்டாதீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா வாசலைக் காட்டினாள். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள், அதற்கப்புறம் ஆறு வருடம் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை.

கோபம் வந்தால் வரட்டும். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்குத் தெரியும். ஊருக்கு அவள் சொன்னது, அவர் கூப்பிடவில்லை என்று. தனக்குள் கேட்டுக்கொண்டது வேறு. கூப்பிட்டாரோ? எனக்குக் கேட்டதோ? துண்டுதானே, இந்த ஜிப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேனோ? அந்த மத்தியானத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். ஒரு நாள் நினைத்தால் அதில் அவர் குரல் இருக்கும். இன்னொரு நாள் நினைத்தால் மெஷின் சத்தம் மட்டும் இருக்கும். எது நிஜம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இது தெரியாமல் நிம்மதியாகக் கண்ணை மூட முடியாது, தெரிந்துகொள்ளவும் பயம்.

அவர் போன இரண்டு மாதத்திலேயே கடைக்கு வருகிறவர்கள், அக்காவுக்குக் காது மந்தம் என்று பேச ஆரம்பித்தார்கள். மகன் காது டெஸ்ட் எடுக்கக் கூப்பிட்டான். அக்கா டெஸ்டுக்குப் போகவில்லை. அலமாரியைத் திறந்து அவருடைய காது மெஷினை எடுத்தாள்.

எடுத்து என்ன செய்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஆல்டர் பண்ணினாள். காதுக்குள் வைக்கும் மோல்டு அவர் காதுக்கு வார்த்தது, இவளுக்குப் பெரிசு. மெல்லிய லைனிங் துணியை விரல்நுனி அகலத்துக்குக் கிழித்து அதைச் சுற்றி ஒட்டினாள். இரண்டு நாள் முன்னே பின்னே வைத்துப் பார்த்து, பொருந்திவிட்டது என்று தீர்மானித்தாள். டிப்டாப்பாக இருக்கிறது, எதற்கு வீணாக இன்னொன்று என்று மகனிடம் பெருமையாகக் காட்டினாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

முதல் நாள் மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கரண்டி தட்டில் பட்டது சுரீரென்று ஏறியது. பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால் மண்டைக்குள் பிரிகிற மாதிரி இருந்தது. கடையில் கத்தரிக்கோல், சாவிக்கொத்து, டேப்பை உதறுவது, எல்லாம் ஊசி ஊசியாகக் குத்தியது. மனிதர்கள் பேச்சு மட்டும் எப்போதும் போல எங்கேயோ தூரத்தில்தான் இருந்தது. "அடப்பாவமே, இப்படித்தான் உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். இந்த இரைச்சலோடா மனுஷன் நம்மோடு குடும்பம் நடத்தினார், நாம் போட்ட கூச்சலெல்லாம் இப்படியா போய் விழுந்தது என்று அன்றைக்கு அழுதாள். அதற்கப்புறம் அதைக் கழற்ற மனசு வரவில்லை. அவர் காதோடு இருப்பது அவரோடு இருப்பது மாதிரி ஆகிவிட்டது.

அத்தோடு விட்டதா? குளியலறைச் சுவருக்குப் பக்கத்தில் குனிந்தால் காதுக்குள் ஒரு சத்தம் வரும். கீ என்று மெலிசாக, தூரத்தில் யாரோ இழுத்துக் கூப்பிடுகிற மாதிரி. நிமிர்ந்தால் நின்றுவிடும். மறுபடி குனிந்தால் மறுபடி வரும். முன்னறையில் வராது, கடையில் எப்போதாவதுதான் வரும், அந்தக் குறுகல் குளியலறையில் தவறாமல் வரும். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் வந்தால் வாளியை வைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். "என்னங்க?" என்று மெதுவாகக் கேட்பாள். பதில் வராது. ஆறு வருடமும் அந்தக் கதவைச் சாத்தாமல்தான் குளித்தாள்.

மெஷினுக்கும் வயசாகும் இல்லையா? ஒரு வாரம் வந்த பேட்டரி மூன்று நாளில் தீர்ந்தது. சத்தம் கூட்டும் சக்கரம் எப்போதும் கடைசி எண்ணிலேயே நின்றது, அதற்கு மேல் திருப்ப இடமில்லை. காதுக்குப் போகும் சின்னக் குழாய் மஞ்சளாகி முறுக்கிக்கொண்டது. லைனிங் துணி மூன்று சுற்றாகி, நான்கு சுற்றாகி, கீ சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. விற்ற கடையில் இந்த மாடலுக்கு இப்போது உதிரிப்பாகமே வருவதில்லை என்று கையை விரித்தார்கள். மகன் புதுசு மாற்றச் சொல்லிக் கெஞ்சினான். நீங்கள் எல்லாரும் வாய்க்குள் முனகுகிறீர்கள், மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று அக்கா அடித்துப் பேசினாள்.

உண்மைக் காரணம் அவளுக்குத்தான் தெரியும். புதுசு வேண்டுமென்றால் டெஸ்ட் எடுக்க வேண்டும். டெஸ்ட் எடுத்தால் தன் காதைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு உன் காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது, உனக்குக் கேட்டிருக்கிறது, நீதான் எழுந்து போகவில்லை என்று அதில் வந்துவிட்டால்? அந்தத் தாளை வைத்துக்கொண்டு மீதி நாளை எப்படி ஓட்டுவது?

கடைசியில் அவளை அசைத்தது இஸ்திரிக்காரர். ஒரு நாள் பின்னறையில் அவருடைய நீராவி இஸ்திரியின் குழாய் பிடுங்கிக்கொண்டு ஆவி முன்கையில் அடித்துவிட்டது. சுவிட்சு சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில். அவர் கூப்பிட்டார். அக்கா பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், தையல் மெஷின்கூட ஓடவில்லை. ரோட்டில் போன யாரோ ஒருவர் ஓடிவந்து சுவிட்சை அணைத்த பிறகுதான் தலையைத் தூக்கினாள். மனுஷன் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிருந்தது. கூப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாலு தடவை கூப்பிட்டேன் அக்கா" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குக் கட்டுப்போட்டு வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் கடையைத் திறக்கவில்லை. ஷட்டருக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு மனுஷனையும் கொன்றிருப்பேனே என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மறுநாள் காலையில் மகனுக்குப் போன் பண்ணி, டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள்.

காது டெஸ்ட் எடுத்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், பொறுமைசாலி. அக்கா கழற்றிக் கொடுத்த மெஷினைக் கையில் வாங்கி, சுற்றியிருந்த துணியைப் பார்த்து, இது என்னம்மா என்று கேட்டாள். லைனிங் என்றாள் அக்கா. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். யாருடையது என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கண்ணாடி அறையில் உட்காரவைத்து அரை மணி நேரம் டெஸ்ட் எடுத்தாள். பக்கத்திலேயே காது டாக்டரிடமும் அனுப்பினாள். எல்லாம் முடிந்து இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அக்காவுடையது. இன்னொன்று அவருடையது, பழைய மெஷின் பெட்டியிலேயே மடித்தபடி கிடந்தது.

அவள் சொன்னது இதுதான். அவருக்குப் போனது கீச்சு சத்தம். அச்சகத்து இரைச்சலில் அதுதான் முதலில் போகும். அதனால் அந்த மெஷின் கீச்சு சத்தத்தை மட்டும் தூக்கித் தூக்கிக் கொடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு நேர்மாறு. கீச்சு சத்தம் இன்றைக்கும் ஓரளவு கேட்கிறது. போனது கனமான சத்தம், அதிலும் ஆண்கள் குரல், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல். வேண்டாததை ஆறு வருடமாகக் காதில் கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள், வேண்டியது ஒன்றுமே வரவில்லை என்றாள்.

சுவர்ப்பக்கம் குனிந்தால் வரும் சத்தத்தைப் பற்றி அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். மோல்டு பொருந்தாமல் இடுக்கு வழியாகச் சத்தம் வெளியே கசிகிறது, சுவர் அதைத் திருப்பி அனுப்புகிறது, மெஷின் தன் சத்தத்தையே திரும்ப வாங்கிக் கத்துகிறது, அவ்வளவுதான் என்றாள் அந்தப் பெண். அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவுதானா என்று ஒரு ஏமாற்றம் வந்ததே, அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தப் பழசையே எனக்கு ஆல்டர் பண்ண முடியாதா என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். பழக்க தோஷம். எங்கள் கம்ப்யூட்டரோடு பேசும் மெஷினாக இருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன், இது அதற்கு முந்தின காலத்து மெஷின், அப்படியே திருத்தினாலும் இது இன்னொருவர் காது என்றாள் அவள். மெஷின் கெடுகிற வரை காத்திருக்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு தடவை காதைப் பார்க்க வேண்டும், காது மாறினால் மெஷினும் மாற வேண்டும் என்றும் சொன்னாள்.

அக்கா அதையெல்லாம் காதில் வாங்கினாளா தெரியாது. அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். "இந்தக் கனமான சத்தம் எனக்கு எப்போலருந்து கேக்கல?"

தேதி போட்டுச் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போனது, இந்த அளவுக்கு இறுகப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகியிருக்கும் என்பதுதான் டாக்டரின் கணிப்பு. மெதுவாக வருவதால் ஆளுக்கே தெரியாது.

"ஆறு வருஷம் முன்னாடி?"

"அப்பவே நிறைய போயிருக்கும்மா."

புது மெஷின் வர இரண்டு வாரம் ஆனது. அவள் காதுக்கென்றே வார்த்த மோல்டு, அவள் தாளைப் பார்த்து வைத்த சத்தம். வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். மகனிடம், குளியலறைக்குள் போ, கதவைச் சாத்திக்கொள், நான் தைக்க ஆரம்பித்ததும் அப்பா கூப்பிடுகிற மாதிரி சத்தமாகக் கூப்பிடு என்றாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் அம்மா என்றான். அக்கா தையல் மெஷினில் போய் உட்கார்ந்து ஒரு கிழிசல் துணியை ஓட்ட ஆரம்பித்தாள். நீளமாக ஒரு தையல், திருப்பி இன்னொரு தையல். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகன் வெளியே வந்து நின்றான். முகமெல்லாம் சிவந்திருந்தது. தொண்டை கிழிய ஆறு தடவை கூப்பிட்டேன் என்றான்.

அக்கா புது மெஷினை மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை போ என்றாள். இந்தத் தடவை தையல் பாதியில் இருக்கும்போதே அது வந்தது. கதவைத் தாண்டி, மெஷின் சத்தத்தைத் தாண்டி, தடித்த ஒரு ஆண் குரல். மகன் குரல் இவ்வளவுக்கு அவர் குரலாக மாறியிருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊசி துணியிலேயே நின்றது.

அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை என்பது தீர்மானமாகிவிட்டது. துண்டுதானே என்று நான் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ஒரு நிம்மதி வந்த அதே நிமிஷத்தில் இன்னொன்றும் வந்தது. அப்படியானால் டீச்சர் சொன்னது பொய்யில்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டு, நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாரா?

அவள் மகனிடம்கூடச் சொல்லாமல் மாடிப்படி ஏறினாள். கதவைத் திறந்த டீச்சர் அவளைப் பார்த்ததும் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. உள்ளே வரச் சொல்லவும் தெரியவில்லை, போகச் சொல்லவும் தெரியவில்லை. அக்கா காதைத் தொட்டுக் காட்டினாள். அன்றைக்குத் தனக்குக் காது கேட்டிருக்காது, இப்போதுதான் தெரிந்தது, அன்றைக்குப் பேசினதுக்கு மன்னிக்க வேண்டும் என்றாள். அப்புறம் கேட்டாள். "அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே டீச்சர், நான் விடல. அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார்?"

டீச்சர் கண் கலங்கிவிட்டது. இந்த ஆறு வருடம் அவளுக்கு மட்டும் லேசாகவா போயிருக்கும்? நான் இறங்கி வந்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல ரெண்டு தடவை, 'ஏம்மா, ஏம்மா'ன்னு கூப்பிட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், 'மெதுவா வாம்மா, ஓடி வராத, தரையெல்லாம் தண்ணி, வழுக்கும்'னு சொன்னார். நீங்க வந்துட்டீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் நான் இறங்கல."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் வருகிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்த நேரம் அவர் காதில் மெஷின் இல்லை. அது அலமாரியில் கிடந்தது. தன் குரலே கேட்காத மனுஷன், கீழே விழுந்து கிடந்தபடி, இவள் வந்துகொண்டிருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். வராமல் இருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கீழே மகன் அவளைத் தேடிக் கூப்பிடுவது இரண்டு கதவு தாண்டியும் கேட்டது. டீச்சர் சொன்னதும் ஒரு எழுத்து விடாமல் கேட்டிருந்தது. இருந்தாலும் அக்கா அவள் கையை விடாமல், "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்றாள்.